சபியா உம்மாவின் நோன்பு

முப்பது என்று இவருக்கு யார் எண்ணிச் சொன்னது? இருபத்தொரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார். எந்த றமழானில் நான் முப்பதும் பிடித்தேன்? இருபத்து மூன்று, மிஞ்சினால் இருபத்து நான்கு. மகன் மஜீட் பிறந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. பெண்ணாகப் பிறந்த எவளால் முப்பதையும் பிடிக்க முடியும்? கிதாபு ஓதிய மனிதர், அது தெரியாதா?

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு சல்மா உம்மா இதையெல்லாம் மனத்துக்குள்தான் கேட்டாள். வெளியே முன் விறாந்தையில் அவள் புருஷன் முகைதீன்பாவா மரைக்கார், பள்ளிவாசல் நிருவாகத்தார் நான்கு பேருக்கு முன்னால், அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“நம்மட ஊட்டுப் பொம்புளயளப் பாருங்க. குசினிக்குள்ள நெருப்போட கிடந்தும் முப்பது நோம்பையும் ஒண்டு விடாமப் புடிக்காங்க. என்ட ஊட்டயே எடுங்களன். ஒரு நாள் தலைவலி, காய்ச்சல் எண்டு சொன்னதில்ல. பொம்புளக்கி ஏலுமெண்டா மூட்ட தூக்கிற ஆம்புளக்கி என்ன கேடு?”

“ஓம், ஓம்” என்று நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த நால்வரின் மனைவிமாரையும் சல்மாவுக்குத் தெரியும். அவர்கள் எந்தெந்த நாட்களில் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

மாதத்தில் அந்த ஆறேழு நாள் பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்டுப்போன நோன்பைப் பிறகு வேறு மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம். இது மார்க்கம் சொன்னது; ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நாள் தன் உம்மாவுக்கும் தன் தங்கைக்கும் வரும் என்று ஊரில் எந்த ஆணும் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்கப் பெண்களும் விடுவதில்லை. அந்த நாட்களிலும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவார்கள். எல்லாரோடும் இருந்து இரண்டு பிடி சாப்பிடுவார்கள். பகல் முழுவதும் உதடு காய்ந்தவர்களாக நடமாடுவார்கள். மாலையில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருப்பார்கள். இடையில் வயிறு எரிந்தால், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூடி வைத்த பீங்கான் இருக்கும். ஆண்கள் வெளியே போன நேரம் பார்த்து நின்றபடியே விழுங்கிவிட்டு வாயைக் கழுவிக்கொள்வார்கள். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. வாப்பாவுக்கும் மகனுக்கும் முன்னால் அந்த ஒன்றைச் சொல்லாமல் சொல்லிவிடுகிற எதையும் செய்யக் கூச்சம். இத்தனை காலமாக அவ்வளவு சுத்தமாக நடித்ததன் பலன், இப்போது அந்த நடிப்பே ஊருக்கு உதாரணமாகிவிட்டது.

சல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சீலையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள்.

எண்பத்தோராம் ஆண்டு நோன்பு யூலை மாதத்தில் வந்திருந்தது. கச்சான் காற்று அடுப்பைத் திறந்துவிட்டது போல் வீசுகிற மாதம். சிறுபோக அறுவடையும் அதே நேரம். நாவிதன்வெளி வயலில் கதிர் அறுக்கிற தாக்கத்தியோடு குனிந்து நிற்கிறவனுக்குக் காலை பத்து மணிக்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முந்திய வருஷங்களிலும் அப்படி ஏலாமல் போனவர்கள் இருந்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிடுவார்கள். சாக்குக்குக் கீழே கால்கள் தெரியும். போகிற வருகிறவர்கள் அந்தக் கால்கள் யாருடையவை என்று பார்க்காமல் போவார்கள். பார்த்தாலும் சொல்லமாட்டார்கள்.

இந்த வருஷம்தான் நிருவாகத்தார் கூடி, பகலில் வாயில் எதையும் வைக்கிறவனைப் பள்ளிக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். சைக்கிளும் பொல்லுமாகப் பன்னிரண்டு பெடியன்மார். அவர்களுக்குத் தலைவன் ஜவுபர், சல்மாவின் காக்காவின் மகன், அண்ணன் பிள்ளை. இருபத்து மூன்று வயது. நல்ல பிள்ளைதான், மாமி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் கிணற்றில் பத்து வாளி தண்ணீர் அள்ளித் தராமல் போகமாட்டான். கையில் பொல்லைக் கொடுத்த பிறகு அவன் நடையே மாறிவிட்டது.

முதலில் அகப்பட்டவன் இப்றாஹிம். நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். கடைச் சாக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் அவனை இழுத்து வந்தார்கள். அவன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டு, பின்னேரத்து அஸரிலிருந்து பொழுது சாய்கிற மஃரிபு வரைக்கும் பள்ளி வாசலில் நிற்க வைத்தார்கள். நாற்பது வயது மனிதன். அவனுடைய சின்ன மகள் சட்டியோடு பள்ளிக் கஞ்சிக்கு வந்தவள், வாப்பாவைப் பார்த்துவிட்டு வெறுஞ்சட்டியோடு திரும்பி ஓடினாள்.

அவன் நோன்பைத்தான் விட்டவன், தொழுகையை விட்டதில்லை. இரவுத் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கிற ஆள். அன்றைக்குப் பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. அதை நிருவாகத்தார் ஒருவரும் கவனிக்கவில்லை. சாக்குகள் மறைந்துவிட்டன, ஊர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கு நான்கு நாள் கழித்து ஜவுபர் தன் சொந்த வீட்டில், நெல் மூட்டைக்குப் பின்னால், பாதி சாப்பிட்ட பீங்கானைக் கண்டுபிடித்தான். கையில் பருக்கையோடு நின்றவள் அவன் தங்கை சுல்பிகா. பத்தொன்பது வயது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். “திண்டியா?” என்று கேட்டிருக்கிறான். அவள் என்ன சொல்வாள்? “ஓம், திண்டன்” என்றாள். கன்னத்தில் விழுந்தது. உம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளாலும் வாய் திறக்க முடியவில்லை.

“சொல்லியிருக்கலாமே மச்சி” என்று சல்மா பிறகு கேட்டபோது, “ஆருட்ட சொல்ற? மீச முளைச்ச புள்ளட்டயா?” என்று அந்தத் தாய் அழுதாள்.

நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று சல்மா யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருக்கமாட்டாள். அடியை வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் வேறு ஒளிவிடம் தேடியிருப்பாள். இருபத்தொரு வருஷம் அப்படித்தானே.

நிருவாகத்தார் எழுந்து போனதும் மரைக்கார் உள்ளே வந்தார்.

“சல்மா.”

“என்ன மச்சான்?”

“சபியா உம்மாட குசினில பகல்ல சோறு வேகுதாம். உனக்குத் தெரியுமா?”

“அவ இடியப்பம் விக்கிறவ. அடுப்பு எரியத்தானே செய்யும்.”

“இடியப்பம் சஹருக்கும் நோம்பு தொறக்கவும். பகல் பதினொரு மணிக்கு ஆருக்கு?”

சரியாக ஒன்பது நாளைக்கு முன்னால் அந்தக் குசினியில் பலாக்கட்டையில் உட்கார்ந்து கீரிமீன் ஆணத்தோடு சோறு தின்றவள் சல்மா.

“அவ புருஷன் இல்லாதவ. ஆம்புளயள் அந்த வளவுக்குள்ள பொல்லோட போகேலா, சரியுமில்ல” என்றார் அவர். “நாளைக்கு வியாழக்கிழம. நீ போய் இரி. ஆர் ஆர் வாறாங்க எண்டு பாத்து வந்து சொல்லு. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் புறகு பேர வாசிச்சு, அந்த அடுப்பயும் இடிச்சுப் போடுவம். ஒருக்கா செஞ்சாப் போதும், ஊர் அடங்கிரும்.”

“அடங்குமா மச்சான்?”

“அடங்காம?” அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “நான் ஒம்பது வயசுல முதல் நோம்பு புடிச்சன். களத்துல எருமைக்குப் புறகால சுத்திச் சுத்தி நெல்லுச் சூடு மிதிச்சன். கண் இருண்டுது. விட்டனா?”

விடவில்லைதான். சல்மாவுக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. பள்ளிக் கஞ்சிக்கு அரிசி கொடுப்பவர் அவர். கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லாதவர். கடைசிப் பத்து இரவுகளில் தொழுகைப் பாயில் குலுங்கி அழுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஊர் கெட்டுப்போனால் இறைவன் கேள்வி கேட்பானே என்ற பயம் அவருக்கு நிசமான பயம். தன்னைத் தானே அடக்கிய அந்தக் கையாலேயே மற்றவர்களையும் அடக்கிவிடலாம் என்று நினைத்தார். அந்தக் கை ஒன்பது வயதுப் பையனுக்குள்ளே இருந்த கை. களத்தில் யாரும் வெளியிலிருந்து பொல்லோடு நிற்கவில்லை. அது அவருக்கு நினைவில்லை.

“போய்ட்டு வாறன்” என்றாள். அவர் கேட்ட எதற்கும் இதுவரை அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பத்தரை மணிக்குச் சபியா உம்மாவின் வளவுக்குப் பின்பக்கக் கடப்பால் நுழைந்தாள். கிடுகு வேலியில் காற்று சரசரத்தது. குசினிக்குள் இரண்டு அடுப்பு. ஒன்றில் சோற்றுப் பானை. மற்றதில் மீனாணம் கொதித்துக்கொண்டிருந்தது. சபியா உம்மா குந்தியிருந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெடிய, வற்றிய உடம்பு. முழங்கைக்குக் கீழே இடியப்பத் தட்டுச் சுட்ட பழைய வடுக்கள். தலைச்சீலையை நனைத்துப் போட்டிருந்தாள், அதுவும் காய்ந்துபோயிருந்தது. உதடு இரண்டிடத்தில் வெடித்திருந்தது.

அவள் நோன்பாளி. அதுதான் சல்மாவுக்கு எப்போதும் வியப்பு. அந்த நாட்களெல்லாம் நின்றுபோன வயது. உண்மையிலேயே முப்பதையும் பிடிக்கிற பெண் ஊரில் ஒருத்தி உண்டென்றால் அது இவள்தான். சஹரிலிருந்து மஃரிபு வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல், மற்றவர்களுக்கு ஆக்கிப் போடுகிறாள். உப்பை நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், அதில் குற்றமில்லை என்று பள்ளி ஹஸ்ரத்தே சொல்லியிருக்கிறார். இவள் அதையும் செய்வதில்லை. சாப்பிட வருகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அவள் வேலியருகே மயங்கி விழுந்தாளாம். அன்றைக்கு வைத்த பானை. இப்போது வருகிறவர்கள் ஒருவர் ஒரு சுண்டு அரிசி, ஒருவர் ஒரு கட்டு விறகு என்று கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, முக்கியமாக, ஏன் நோன்பில்லை என்று.

“வா கா சல்மா. இரி” என்றாள் சபியா உம்மா, திரும்பாமலேயே.

மீன் கூடையோடு தங்கரத்தினம் ஏற்கெனவே ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாண்டிருப்புக் கடற்கரையிலிருந்து வருகிறவள். அவளுக்கு நோன்பும் இல்லை, ஒளிவும் இல்லை.

“அக்கா, உங்கட ஆக்களால எங்கட பக்கம் ஒரு கடையிலயும் இருக்க இடமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “பதினொரு மணிக்குப் போனா சம்பலும் முடிஞ்சி, பாணும் முடிஞ்சி. எல்லாம் சால்வையால முகத்த மூடிக்கிட்டு வந்து குந்துதுகள். நோம்பு எப்ப முடியுமெண்டு எங்கட மனிசன்தான் இப்ப வானத்துல பிறை பாக்கிறார்.”

சபியா உம்மா சிரித்தாள். வெடித்த உதடு இழுபட்டு ஒரு துளி இரத்தம் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண். தலையில் சாக்கு மடித்துப் போட்ட இப்றாஹிம். அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறகு நேற்று விறாந்தையில் தலையாட்டிய நால்வரில் ஒருவரின் மனைவி. அவள் சல்மாவைக் கண்டதும் கண்ணால் சிரித்து, “உங்களுக்கும் இப்பதானா?” என்று காதோடு கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே அமர்ந்தாள். சல்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வாசம் குசினியை நிறைத்தது. இவர்களுடைய பெயர்கள் தன் மனத்துக்குள் தானாகவே வரிசையாக அடுக்கப்படுவதை உணர்ந்து அவள் பயந்தாள். நிறுத்த முடியவில்லை. அனுப்பி வைத்த கண் அது. தன்பாட்டில் வேலை செய்தது.

“சல்மா, இதுக்கு உப்புப் பாரு கா.”

சபியா உம்மா அகப்பையில் ஆணத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் சல்மாவின் உள்ளங்கை முன்னால் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“நான் நோம்பு, லாத்தா.”

இப்றாஹிமின் கை பீங்கானில் நின்றது. பக்கத்திலிருந்தவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள். 

“நோம்பா இருக்கிற ஆள் இஞ்ச என்னத்துக்கு வந்தவ?” என்று தங்கரத்தினம்தான் கேட்டாள். வேறு யாரும் அதை வாய்விட்டுக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இடியப்பம் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்று ஒரு பொய் சல்மாவின் நாக்கில் தயாராக இருந்தது. எத்தனையோ வருஷமாக அவளுக்குப் பொய் தயாராகத்தான் இருக்கும்; அதுவும் நோன்பு மாதத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் சபியா உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

“மச்சான் அனுப்பினாரு. ஆர் ஆர் வாறாங்க எண்டு பாத்து வரட்டாம். நாளைக்கு ஜும்ஆக்குப் புறகு பேர் வாசிப்பாங்களாம். இந்த அடுப்பயும் இடிப்பாங்களாம்.”

இப்றாஹிம் எழுந்தான். “நான் போறன் உம்மா.”

“இரி மனே. சோத்துல கை வெச்சிட்டு எழும்பாத.”

“போன தரம் கோப்பையப் போட்டானுகள். இந்தத் தரம் உங்கட பானையப் போடப் போறானுகள். என்ட கழுத்து தாங்காது.”

“பானை எனக்கு வேணும். தரமாட்டன். நீ திண்டு.”

அவன் உட்கார்ந்தான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கிளுக்கென்று சிரித்துவிட்டாள். சபியா உம்மா அகப்பையைத் தங்கரத்தினத்தின் பக்கம் நீட்டினாள். “நீ பாரு.”

“உப்புக் காணா அக்கா.”

ஒரு கிள்ளு உப்பு ஆணத்தில் விழுந்தது. அவ்வளவுதான். நாளைக்கு அடுப்பு இடிபடப் போகிறது என்று கேட்ட மனுஷி, இன்றைக்கு ஆணத்தில் உப்பைச் சரிபார்த்துவிட்டு அடுத்த பீங்கானை எடுத்தாள். சல்மா அந்தக் கைகளையே பார்த்தாள். நடுக்கமில்லை. வீம்பும் இல்லை. நான் நோன்பாளி, இவர்கள் பாவிகள் என்ற நினைப்பின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. தான் பிடித்த நோன்புகளில் ஒன்றையாவது இப்படிப் பிடித்திருப்போமா என்று சல்மாவுக்குத் தோன்றியது. உண்மையாகப் பிடித்த நாட்களில்கூட அவள் பிடித்தது பாதி புருஷனுக்காக, பாதி ஊருக்காக. இறைவனுக்கென்று எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

“லாத்தா, நீங்க ஒருத்தர்ட்டயும் ஏன் நோம்பில்ல எண்டு கேக்கிறல்லயே. ஏன்?”

“கேட்டா பொய் சொல்லுவாங்க கா. பசிச்சு வந்தவங்களப் பொய்யும் சொல்ல வெக்கிறதா?”

“உங்களுக்குப் பசிக்காதா? இந்த வாசத்துல இருந்துக்கிட்டு?”

“பசிக்காம என்ன? இந்நேரத்துக்குக் கண்ண இருட்டும். மறுகா லுஹருக்குத் தொழுதா கொஞ்சம் தெளியும்.” விறகை உள்ளே தள்ளினாள். “எனக்கு ஏலுது. அல்லாஹ் தந்தது. ஏலாதவங்களுக்கு அடிச்சா வந்திருமா?”

“அடுப்ப இடிச்சா?”

“மூண்டு கல்லுக்குப் பஞ்சமா இந்த ஊர்ல?”

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பெயர் சொல்லாதே என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சல்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சினாள், இரங்கினேன் என்று ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கடைசியாகக் கடப்பைத் திறந்துகொண்டு சுல்பிகா வந்தாள். கன்னத்தில் அடிபட்ட இடம் மஞ்சளாக மங்கியிருந்தது. மாமியைக் கண்டு ஒரு நொடி தயங்கிவிட்டு, பீங்கானை வாங்கிக்கொண்டு அவளருகே அமர்ந்தாள்.

சல்மா நாட்களை எண்ணிப் பார்த்தாள். “இன்னும் முடியல்லயா புள்ள?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“முடிஞ்சி நாலு நாள் மாமி.”

“அப்ப?”

“அப்பயும்தான் சாப்புடுறன்.” சுல்பிகா சோற்றைப் பிசைந்தாள். குரலில் கோபமில்லை. “முடிஞ்ச அண்டைக்கு ராவு, நாளைக்கு நோம்பு புடிக்கிறன் எண்டு நிய்யத்து வெக்க இருந்தன். பள்ளி ஸ்பீக்கர்ல சொல்லிக் குடுத்தாங்க. சொல்லச் சொல்ல எனக்கு காக்காட கைதான் முன்னுக்கு வந்து நிண்டுது. ஆருக்குப் புடிக்கிறன் எண்டு எனக்கே தெரியல்ல. அடிக்குப் பயந்து புடிச்சா அது அவருக்குப் புடிக்கிற நோம்பு. எனக்கு வேணாம்.”

“காக்காக்குத் தெரியுமா?”

“நான் இப்ப நோம்பு எண்டு நினைச்சிக்கிட்டிருக்காரு. நேத்து நோம்பு தொறக்கக்குள்ள பேரீச்சம்பழம் கொண்டாந்து தந்தாரு, தன்ட அடியாலதான் திருந்திட்டன் எண்டு. முகமெல்லாம் சந்தோஷம்.” அவள் ஒரு கவளத்தை எடுத்தாள். “பாவமா இருந்துது.”

பிடிக்க வேண்டிய நோன்பை ஒரு குமர்ப்பிள்ளை விடுகிறாள். அது சரியென்று சல்மாவால் நினைக்க முடியாது. அது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்ய வைத்தது எது என்பதும் அந்தக் கன்னத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. அடிக்கு முன்னால் அவள் ஒன்பது வயதிலிருந்து நோன்பு பிடித்த பிள்ளை. யாரும் பொல்லோடு எழுப்பியதில்லை. அதோடு, மறைக்க நினைத்தும் மறைக்க முடியாத ஒரு மதிப்பு அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு வந்தது. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள அவள் மறுத்துவிட்டாள். அது சல்மா ஒருநாளும் செய்யாதது.

“நான் புறகு புடிப்பன் மாமி” என்றாள் சுல்பிகா, தட்டைப் பார்த்தபடி. “அந்தக் கை நெனப்புல இருந்து போன புறகு.”

சபியா உம்மா எதையும் கேளாதவள் போல அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

அஸர் தொழுதுவிட்டு மரைக்கார் வீட்டுக்கு வந்தபோது சல்மா சாப்பாட்டு மேசையருகே நின்றாள். அவர் ஓத எடுத்த குர்ஆனை மூடி றேகாலில் வைத்துவிட்டு, கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றையும் பேனாவையும் மேசையில் வைத்தார். தாளின் தலைப்பில் திகதியும் ‘நோன்பு விட்டோர்’ என்ற எழுத்தும் இருந்தன. கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

“சொல்லு. எத்தின பேர்?”

“எண்ணல்ல மச்சான்.”

“சரி, ஆர் ஆர் எண்டு சொல்லு. நான் எண்ணிக்கிறன்.”

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். நேரான கோடு. தன்னைப் போலவே இந்த வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் நேராக வைத்திருக்க விரும்புகிற மனிதர்.

“என்ன யோசிக்கிற? ஆக்கள் வந்தாங்களா இல்லயா?”

“வந்தாங்க.”

“அப்ப சொல்லன்.” அவர் குரலைத் தணித்தார். “உனக்குக் கூச்சமெண்டா பொம்புளயள்ட பேர் வேணாம். விடு. ஆம்புளயள்ட பேர மட்டும் சொல்லு. ஒரு பேர் காணும். ஒருத்தன நிக்க வெச்சா மத்தவங்க படிப்பாங்க.”

ஒரு பெயர். அது பெரிய சலுகை என்று அவளுக்குத் தெரிந்தது. இப்றாஹிம் என்று சொன்னால் போதும். ஏற்கெனவே ஒருமுறை நின்றவன். அவனுக்கு இனி இழக்க என்ன இருக்கிறது? மற்ற எல்லாரும் தப்பிவிடுவார்கள். நிருவாகத்தாரின் மனைவி, சுல்பிகா, சல்மாவும்கூட. அந்த எண்ணம் எவ்வளவு சாதுவாக, எவ்வளவு நியாயமாக வந்து நிற்கிறது என்று பார்த்து அவளுக்கு உடம்பு கூசியது. பொல்லைப் பிடிக்கிற எல்லாரிடமும் இது இப்படித்தான் முதலில் வந்திருக்கும்.

இன்னொன்றும் வந்தது. என் பெயரை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டால்? பத்து நாளைக்கு முன்னால் நானும் அங்கே தின்றேன், ஏன் என்று கேளுங்கள், உங்கள் நால்வரின் வீட்டிலும் போய்க் கேளுங்கள் என்றால்? அவர் அந்த இடத்திலேயே உடைந்துபோவார். இருபத்தொரு வருஷம் ஊருக்கு முன்னால் அவர் தூக்கிப் பிடித்த பெருமை ஒரு சொல்லில் தரையில் கிடக்கும். சொல்ல வேண்டியதுதான். ஒருநாள் சொல்வாள். ஆனால் இன்றைக்குச் சொன்னால் அதுவும் ஒரு அடி. அவரை வாயடைக்கச் செய்கிற அடி. அடித்து ஒருவருக்கு எதையும் விளங்க வைத்துவிடலாம் என்று அவள் இப்போது நம்பவில்லை.

“நான் சொல்லமாட்டன் மச்சான்” என்றாள்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது போல நிமிர்ந்து பார்த்தார். “என்ன?”

“பேர் சொல்லமாட்டன்.”

“நான்தான் உன்ன அனுப்பினன்.”

“ஓம். நான் போயிருக்கக் கூடா. அது என்ட பிழை.”

“நான் கேக்கிறன் சல்மா. உன்ட புருஷன் கேக்கிறன்.”

“ஓம். நீங்க கேட்ட ஒண்டுக்கும் நான் இல்ல எண்டு சொன்னதில்ல.” அவள் குரல் எழும்பவில்லை. “இதுக்குத்தான் இல்ல எண்டுறன்.”

வெளியே காற்று தென்னோலைகளைப் பிடித்து உலுக்கியது. அவர் முகம் சிவந்தது. கை மேசையில் இறுகியதை அவள் பார்த்தாள். அவர் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. இன்றைக்கு அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நின்ற இடத்தில் நின்றாள். பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் கீழே, அது எட்ட முடியாத ஓரிடத்தில், அவள் தெளிவாக இருந்தாள்.

இறுகிய கை மெல்லத் தளர்ந்தது.

“நாளைக்கு அவங்களுக்கு முன்னால நான் வெறுந்தாளோடயா போய் நிக்கிற?” என்றார். அது கோபத்தின் குரலாக இல்லை. கேட்கிற குரலாக இருந்தது. தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். “வாயால சொல்ல வேணாம். உனக்குத்தான் எழுதத் தெரியுமே. எழுதி வெச்சிட்டுப் போ. நான் பாத்துக்கிறன்.”

சல்மா தாளைத் தொட்டாள். ஒன்றும் எழுதாமல், அது கசங்கிவிடாதபடி இரண்டு கையாலும் எடுத்து அவர் பக்கமே வைத்தாள்.

“எழுதவும் மாட்டன் மச்சான்” என்றாள், முன்பு சொன்ன அதே குரலில்.